கையுறையே கையைப் பறிக்குமா? – வேலையிடப் பாதுகாப்பு: வாசகர் கேள்வி பதில்

பட்டறை, கிடங்கு, கட்டுமானம், கல் அறுக்கும் கூடம் என்று பல இடங்களில் வேலை செய்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பல கடிதங்களில் “இனி இன்னும் கவனமாக இருக்க என்ன செய்யலாம்?” என்று கேட்டிருந்தார்கள். கவனம் வேண்டியதுதான். ஆனால் எட்டு மணி நேரமும் ஒரே அளவில் யாராலும் கவனத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது. அதனால் எந்திரத்தையும் இடத்தையும் வேலை முறையையும் எப்படி மாற்றலாம் என்பதை முதலில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பட்டறைக்கு வந்திருக்கும் புதிய மேலாளர் எல்லோரும் எந்நேரமும் கையுறை போட வேண்டும் என்கிறார். லேத் (கடைசல் எந்திரம்) ஓட்டும் பெரியவரோ, “கையுறை போட்டுக்கொண்டு லேத் பக்கம் வராதே” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

லேத் ஓடும்போது பெரியவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். டிரில்லிங், மில்லிங் மெஷின்களுக்கும் இதே விதிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மி.மீ. விட்டமுள்ள கம்பி 600 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 600 சுற்று) சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 10 சுற்று. ஒரு சுற்றுக்கு 157 மி.மீ. துணியைத் தன்மேல் சுருட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டது தெரிந்து கையை இழுப்பதற்குள் கால் நொடி போய்விடும். அந்தக் கால் நொடியில் ஏறத்தாழ 40 செ.மீ. உள்ளே போயிருக்கும். விரல் நுனியில் பிடித்தது முழங்கைக்கு வந்துவிடும். வெறும் கை பட்டால் தோல் கிழியும், ஆனால் கை விலகிவர வாய்ப்பு உண்டு. கையுறை கிழியாமல் கையையும் சேர்த்து இழுக்கும். தடிமனான, உறுதியான கையுறைதான் இங்கே மிகவும் ஆபத்தானது.

மேலாளரின் அக்கறையிலும் நியாயம் இருக்கிறது. இரும்புச் சுருள் பிளேடுபோல் வெட்டும், இப்போதுதான் கடைந்த ஜாப் (கடையப்படும் துண்டு) சுடும். ஆகவே ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) முழுதாக நின்ற பிறகு கையுறை போட்டு ஜாபைக் கழற்றுங்கள், மாட்டுங்கள், சுருளை அள்ளுங்கள். ஸ்விட்சைப் போடும் முன் கையுறையைக் கழற்றி வையுங்கள். ஓட்டத்தின்போது சுருள் சிக்கினால் மெஷினை நிறுத்திவிட்டு நீளக் கைப்பிடியுள்ள கொக்கியால் எடுங்கள். கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) பட்டுத் தோல் வெடிக்கிறது என்பதற்காகக் கையுறை போடுகிறவர்கள், வேலைக்கு முன் தடவும் தடுப்புக் களிம்புக்கு மாறலாம்.

லேத்தில் கையுறை மட்டும் பிரச்சினையல்ல. தொங்கும் முழுக்கைச் சட்டை, மோதிரம், கயிறு, துப்பட்டா, பின்னி விடாத முடி எல்லாமே அதே வழியில்தான் மாட்டும். எமரி தாளை ஜாபைச் சுற்றி வளைத்து விரலால் பிடிப்பது பல பட்டறைகளில் பழகிப்போன தவறு. தாளை ஒரு அரத்தின் மேலோ மரத்துண்டின் மேலோ வைத்து அழுத்துங்கள். அப்போது தாள் பறிபோனாலும் விரல் போகாது. சக் கீயை (ஜாபைக் கவ்விப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவி) சக்கில் விட்டுவிட்டு மெஷினைப் போட்டால் அது தெறித்து வரும். ஸ்பிரிங் வைத்த சக் கீ வாங்கிவிட்டால், கையை எடுத்ததும் அது தானே வெளியே தள்ளப்பட்டுவிடும். “கீயை மறக்காதே” என்று சுவரில் எழுதுவதைவிட அந்த ஒரு ஸ்பிரிங் நம்பத்தக்கது.

கேள்வி: 4 அங்குல கிரைண்டரில் கார்டை (வீலை மூடும் தடுப்பு) கழற்றிவிட்டு 5 அங்குல கட்டிங் வீல் போடுகிறோம். ஆழமாக வெட்ட முடிகிறது. வீலில் போட்டிருக்கும் ஆர்.பி.எம். மெஷினைவிட அதிகம்தானே, அப்புறம் என்ன தப்பு?

வீலின் ஆர்.பி.எம்.மைப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். 5 அங்குல வீலில் பெரும்பாலும் 12,200 என்று இருக்கும். உங்கள் மெஷின் 11,000 அளவில் ஓடினால் அந்தக் கணக்கு மட்டும் சரி. ஆனால் மூன்று விஷயங்கள் தப்பு.

முதலாவது துளை. 4 அங்குல வீலுக்கு நடுத்துளை 16 மி.மீ., 5 அங்குல வீலுக்கு 22.23 மி.மீ. சிறிய ஃபிளாஞ்சில் (வீலைப் பிடிக்கும் தட்டு) பெரிய துளையை வாஷரோ தகடோ வைத்து ஒப்பேற்றினால் வீல் நடுமையத்தில் உட்காராது. அதிரும். அதிர்கிற வீல் விரிசல் விடும்.

இரண்டாவது வேகம். 11,000 ஆர்.பி.எம்.மில் 5 அங்குல வீலின் விளிம்பு மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. உடைந்த துண்டு அதே வேகத்தில் புறப்படும். அதைத் தடுப்பதற்கென்றே இருக்கும் கார்டைத்தான் நீங்கள் கழற்றியிருக்கிறீர்கள். கண்ணாடி கண்ணைக் காக்கும். கழுத்தையும் தொடையையும் காக்காது.

மூன்றாவது உதைப்பு. வெட்டும்போது பைப்பின் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் வெட்டினால் பைப் உள்நோக்கி வளைந்து வீலைக் கவ்வும். அந்த நொடியில் மெஷின் உங்களை நோக்கி எகிறும். வெட்டுப்படும் துண்டு தொங்கி விரியும்படி, வெட்டும் இடத்துக்கு ஒரு பக்கமாக வைஸில் பிடியுங்கள். பக்கக் கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும். வீலின் நேர்கோட்டில் உடம்பை வைக்காமல் சற்று விலகி நில்லுங்கள்.

ஆழம் வேண்டுமென்றால் பெரிய மெஷின் வாங்குங்கள், அல்லது ஜாபைத் திருப்பித் திருப்பி வெட்டுங்கள். 4 அங்குல மெஷினில் 7 அங்குல வீலைப் போடுகிறவர்களும் உண்டு. 7 அங்குல வீலின் உச்சவரம்பு 8,500 ஆர்.பி.எம். 11,000-ல் அது உடைவதற்கு வேறு காரணமே வேண்டாம். மரம் அறுக்கும் பல்சக்கரத்தையும் எக்காரணம் கொண்டும் இதில் போடாதீர்கள்.

புது வீல் மாட்டியதும் யாரும் எதிரில் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். கெட்டுப்போன வீல் பெரும்பாலும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். நடுவளையத்தில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். தயாரித்து 3 ஆண்டு என்பது வழக்கமான அளவு. ஈரத்தில் கிடந்த வீல் அதற்கு முன்பே வலுவிழந்திருக்கும். கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது என்பதையும் பட்டறையில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: தறிக்கூடத்தில் வேலை. காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். போதுமா?

போதாது. பஞ்சு சத்தத்தை மிகச் சொற்பமாகவே குறைக்கும். உங்கள் கூடத்தின் சத்தத்தை ஓரளவு கணிக்க எளிய வழி: கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் சத்தம் 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் வரம்பு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி, 100-ல் வெறும் 15 நிமிடம்.

நுரை அடைப்பான் வாங்குங்கள். அதைச் செருகும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சுத்தமான விரல்களால் ஒல்லியாக உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போதுதான் காதுக் குழாய் நேராகும். உள்ளே விட்டு, அது விரியும்வரை 30 நொடி விரலால் பிடித்திருங்கள். பாதிக்குமேல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது.

இன்னொன்று. 8 மணி நேர வேலையில் அரை மணி நேரம் கழற்றி வைத்தாலே, எவ்வளவு உயர்தர அடைப்பானாக இருந்தாலும் அன்றைய மொத்தப் பாதுகாப்பு 12 டெசிபலைத் தாண்டாது. பேசுவதற்காக அடிக்கடி கழற்றாதீர்கள், சத்தமில்லாத இடத்துக்குப் போய்ப் பேசுங்கள். போன கேட்கும் திறன் மருந்தாலும் அறுவையாலும் திரும்பாது. நிர்வாகத்திடம் ஆண்டுக்கு ஒருமுறை கேட்பொலிச் சோதனை கேட்டு வாங்குங்கள். தேய்ந்த பேரிங், தளர்ந்த போல்ட், அதிரும் தகடு இவற்றைச் சரிசெய்தாலே பல கூடங்களில் சத்தம் இறங்கிவிடும்.

கேள்வி: பல நாள் மூடிக்கிடந்த கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் முன் தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்க்கிறார்கள். அணையவில்லை என்றால் இறங்கலாம் என்கிறார்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்கிறார்கள். இது சரியா?

இரண்டும் உயிரைப் பறிப்பவை. தொட்டிக்குள் மீத்தேன் இருந்தால் அந்தத் தீக்குச்சியே வெடிக்க வைக்கும். தீ எரிகிறது என்பதால் விஷவாயு இல்லை என்றும் ஆகாது. ஈரத்துணியும் தூசி மாஸ்க்கும் வாயுவைத் தடுப்பதில்லை, இல்லாத ஆக்சிஜனைக் கொடுப்பதுமில்லை.

காற்றில் ஆக்சிஜன் இயல்பாக 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. கழிவு மட்கும்போது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். கழிவே இல்லாத மூடிய இரும்புத் தொட்டியில்கூடத் துருப்பிடிப்பதே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். “இது தண்ணீர்த் தொட்டிதானே” என்று இறங்கியவர்கள் சாவது இதனால்தான்.

அடுத்தது ஹைட்ரஜன் சல்பைடு. மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். “இப்போது நாற்றம் குறைந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால் காற்று சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரை உடனே வெளியே இழுங்கள். பல நூறு பங்கு அளவுக்கு ஏறினால் சில மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தேங்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதோடு, அடியில் படிந்த சேற்றைக் கிளறியதும் அடைபட்டிருந்த வாயு ஒரேயடியாக வெளிவரும். இறங்கும்போது நன்றாக இருந்தவர் வேலை தொடங்கியதும் விழுவது இதனால்.

சரியான வழி, ஆளை இறக்காமல் உறிஞ்சு வண்டியும் நீண்ட குழாயும் வைத்து மேலிருந்தே முடிப்பது. இதைத்தான் முதலிலும் கடைசியிலும் கேட்க வேண்டும். வேறு வழியே இல்லை, முழுத் தொட்டியும் காலி, உள்ளே பழுதுபார்க்க வேண்டும் என்ற நிலையில் மட்டும்:

வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பாருங்கள். முதலில் ஆக்சிஜன், அடுத்து எரிவாயு, பிறகு விஷவாயு என்பதுதான் வரிசை. எரிவாயு அளவு வெடிக்கும் எல்லையின் 10 சதவீதத்தைத் தாண்டினால் இறங்கக் கூடாது. ஊதுவிசிறியின் குழாயை அடிவரை விட்டுச் சுத்தக் காற்றை விடாமல் செலுத்துங்கள். சிலிண்டர் ஆக்சிஜனைத் திறந்துவிடாதீர்கள், ஒரு பொறியில் துணிமணி தீப்பிடித்து எரியும். பெட்ரோல் பம்ப்பை உள்ளே இறக்கினால் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு சேரும். இறங்குபவர் முழு உடல் ஹார்னஸ் (உடலைத் தாங்கும் பட்டைக் கட்டு) போட்டு, மேலே முக்காலியில் பொருத்திய வின்ச்சோடு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) இணைந்திருக்க வேண்டும். கருவி அவர் மேலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மேலே ஒருவர் வேறு வேலையில்லாமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

உள்ளே இருப்பவர் விழுந்துவிட்டால், மேலே நிற்பவர் வின்ச்சால் இழுக்கலாம், தீயணைப்பு மீட்புப் படையை அழைக்கலாம். இறங்கவே கூடாது. இதைச் சொல்வது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் இத்தகைய மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று நையோஷ் என்னும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. அண்ணனைத் தூக்கப் போன தம்பியும், தம்பியைத் தூக்கப் போன நண்பரும் அடுத்தடுத்து விழுவது இன்றும் நடக்கிறது. ஹார்னஸும் வின்ச்சும் இல்லாமல் ஒருவரை இறக்குகிறார்கள் என்றால், அவரை மீட்க வழியில்லாமலே இறக்குகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கேள்வி: மூட்டை தூக்கும் வேலை. இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டால் முதுகு பாதிக்காதா?

பெல்ட்டை நம்பாதீர்கள். சில்லறைக் கடைகளில் வேலை செய்யும் 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நையோஷ் செய்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுவலியிலோ காயத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. பெல்ட் கட்டிய தைரியத்தில் கூடுதல் எடையைத் தூக்கும் அபாயமும் உண்டு.

எடையைப் போலவே தூரமும் முக்கியம். அதே நிறுவனத்தின் கணக்குமுறையில், எல்லாம் சாதகமாக இருக்கும்போது இரு கைகளால் தூக்க 23 கிலோதான் உச்சம். சுமை உடம்பை ஒட்டி, கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்தில், இடுப்பை நெருங்கிய உயரத்தில், உடம்பைத் திருப்பாமல், எப்போதாவது ஒருமுறை தூக்கும்போதுதான் இந்த அளவு. சுமை 50 செ.மீ. தள்ளி இருந்தால் வரம்பு பாதியாகி 11.5 கிலோ ஆகிவிடும். தரையிலிருந்து எடுத்தால், இடுப்பைத் திருப்பினால், நிமிடத்துக்குப் பலமுறை தூக்கினால் இன்னும் குறையும். 50 கிலோ மூட்டை எந்தக் கணக்கிலும் அடங்காது.

உங்கள் முதலாளியிடம் கேட்க வேண்டியவை: 50 கிலோவுக்குப் பதில் 25 கிலோ மூட்டை, அல்லது கையே படாத பெரிய பையும் ஃபோர்க்லிஃப்ட்டும். தள்ளுவண்டி. லாரித் தளத்தின் உயரத்துக்குச் சரியாக ஒரு மேடை. மூட்டையைத் தரையில் அடுக்காமல், முழங்காலுக்கு மேல் நிற்கும்படி பலகை அடுக்குகள். இடைவழியில் படியோ பள்ளமோ இருந்தால் அதைச் சமன்செய்யச் சாய்தளம். இவை நடந்த பிறகு, தூக்கும்போது மூட்டையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்துவைத்துத் திரும்புங்கள்.

முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ வராமலோ போனாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நரம்பு நசுங்கியிருக்கலாம். நாள் கடத்தினால் செயல் திரும்பாது.

கேள்வி: என் கணவர் சமையலறை மேடைக்கான கல் அறுக்கிறார். ஆறு மாதமாக இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளி மருந்து கொடுத்தார்கள், குறையவில்லை. மாஸ்க் போட்டுத்தான் வேலை செய்கிறார். என்ன செய்வது?

அம்மா, முதலில் நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது, என்ன வேலை, என்ன கல், எத்தனை வருடம், ஈரமாக அறுப்பதா உலர்வாக அறுப்பதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “நீ என்ன தொழில் செய்கிறாய்?” என்று நோயாளியிடம் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-இல் தொழில் நோய்கள் பற்றிய தம் நூலில் எழுதினார். இன்றும் பல இடங்களில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் காசநோய்ச் சோதனையும் கேளுங்கள். கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. போனது வெளியே வராது. எதைச் சாப்பிட்டாலும் குடித்தாலும் கழுவிப் போகாது, அது வயிற்றில் இல்லை. அந்தத் தூசியால் நுரையீரலில் தழும்பு விழுந்துகொண்டே போகும். செயற்கைக் கல்லில் சிலிக்கா (இந்த நோயைத் தரும் கனிமம்) 90 சதவீதத்துக்கும் மேல்வரை இருக்கும், சில ஆண்டுகளிலேயே நோய் முற்றுகிறது. இதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் பலகைகளையே தடை செய்தது.

மாஸ்க் பற்றி: அறுவை மாஸ்க்கும் துணியும் பயனற்றவை. என்95 (நுண்தூசியை வடிகட்டும் மாஸ்க்) நல்லது, ஆனால் முகத்தோடு ஒட்டினால்தான். தாடி இருந்தால் ஓரமாகக் காற்று நுழையும். உலர்வாக அறுக்கும் கூடத்தில் என்95-உம் போதாது. தூசியை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். கையில் பிடிக்கும் அறுப்பு மெஷினில் வெட்டும் முனையில் நிமிடத்துக்கு அரை லிட்டராவது தண்ணீர் தொடர்ந்து விழ வேண்டும். முன்கூட்டியே கல்லை நனைத்துவிட்டு அறுத்தால் போதாது. துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்குவதும், கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதுவதும் படிந்த தூசியை மறுபடி மூச்சில் ஏற்றும் வேலை. நீர் விட்டுக் கழுவி எடுங்கள். அவருடைய வேலை உடுப்பு வீட்டுக்கு வரக் கூடாது. வந்தால் உதறாமல் நேராக நீரில் போடுங்கள்.

நோய் உறுதியானால் அவர் தூசியிலிருந்து முழுதாக விலக வேண்டும். புகை பிடிப்பவராக இருந்தால் அதையும் விட வேண்டும். இது குடும்ப வருமானத்தைத் தாக்கும் முடிவு என்பது தெரிந்தேதான் சொல்கிறோம். மருத்துவர் தரும் எழுத்துச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள், நிவாரணம் கோர அதுவே அடிப்படை. வேலையால் ஆண்டுதோறும் இறக்கும் ஏறத்தாழ 30 லட்சம் பேரில் 26 லட்சம் பேர் விபத்தால் அல்ல, நோயால் இறக்கிறார்கள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023-இல் மதிப்பிட்டது.

கேள்வி: சாய்த்து வைக்கும் ஏணியை எவ்வளவு சாய்வாக வைப்பது?

ஏணி தொடும் உயரம் 4 பங்கு என்றால் அடிப்பகுதி சுவரிலிருந்து 1 பங்கு தள்ளி. 4 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர். கூரைமேல் ஏறி இறங்க வேண்டுமென்றால் ஏணி கூரைவிளிம்புக்கு மேல் 1 மீட்டர் நீண்டு, உச்சியில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இடுப்புப் பட்டையின் பக்கிள் இரண்டு தண்டுகளுக்கு நடுவிலேயே இருக்கட்டும். அது வெளியே போகிற அளவுக்கு எட்ட வேண்டியிருந்தால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். பொருளைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், கயிறு கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். மின்கம்பி அருகில் அலுமினிய ஏணி வேண்டாம்.

கேள்வி: கண்ணில் ஆசிட் பட்டால் சோடா உப்புக் கரைசல் விட்டுக் கழுவலாமா?

கூடாது. இரண்டும் வினைபுரிந்து வெப்பம் உண்டாக்கும், நேரமும் போகும். சுத்தமான குழாய்த் தண்ணீர் மட்டும், உடனே, இமையை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுங்கள். சுண்ணாம்பு, சிமென்ட், காஸ்டிக் போன்ற காரங்கள் ஆசிட்டைவிட ஆழமாக ஊடுருவும். அவற்றுக்கு இன்னும் நேரம் எடுத்துக் கழுவி, கழுவியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ரசாயனம் கையாளும் இடத்திலிருந்து 10 நொடியில் எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். அதன் முன்னால் டிரம்மை அடுக்கி வைத்தால் அது இல்லாததற்குச் சமம்.

கேள்வி: கடும் வெயிலில் கட்டுமான வேலைக்குப் புதிதாக ஆள் எடுக்கிறோம். எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்?

வெப்பத்தால் சாகிறவர்களில் பெரும்பகுதியினர் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே சாகிறார்கள். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே புதியவருக்கு முதல் நாள் வெயிலில் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம் மட்டும், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டுங்கள். ஏற்கனவே பழகியவர் விடுப்பு முடிந்து திரும்பினால் 50, 60, 80, 100 சதவீதம் என்று நான்கு நாளில் ஏற்றலாம்.

15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலும் வேண்டாம், இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும். ஒருவர் உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், கேட்பதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத் தாக்கு. வியர்க்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள், வேலை செய்யும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முடிந்தால் குளிர்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமர்த்தித் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: நான் மேற்பார்வையாளர். கன்வேயரில் சிக்கியதை எடுக்கப் போனவரின் விரல்கள் நசுங்கின. “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று அறிக்கை எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?

எழுதினால் அடுத்த விபத்து அதே இடத்தில் நடக்கும். கீழுள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். பெல்ட் ஏன் சிக்கியது? ஒரு ஷிப்ட்டில் எத்தனை முறை சிக்குகிறது? நிறுத்தும் பொத்தான் அவர் நின்ற இடத்திலிருந்து எத்தனை அடி? நிறுத்தினால் உற்பத்திக் கணக்கில் அவருக்குப் பேச்சு விழுமா? கார்டு ஸ்பானர் இல்லாமலே கழலுகிறதா? மறுபடி ஓட்டியது யார், உள்ளே கை இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்திருக்க முடியும்? பெரும்பாலும் இந்தப் பதில்களிலேயே காரணம் அகப்படும். ஓடும் பெல்ட்டில் தினமும் பத்து முறை கை விட்டு எடுப்பது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த வழக்கமாகவே இருந்திருக்கும்.

தீர்வு பூட்டு. வேலைக்கு முன் சுற்றியிருப்பவர்களிடம் சொல்லுங்கள். மெஷினை வழக்கப்படி நிறுத்தி, மெயின் ஐசொலேட்டரை (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அணையுங்கள். கை உள்ளே போகப் போகிறவர் அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி. மூவர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பெயரும் நேரமும் எழுதிய அட்டை தொங்க வேண்டும். அடுத்து, தேங்கிய சக்தியை விடுவியுங்கள்: காற்றழுத்தத்தை வெளியேற்றுங்கள், தூக்கி நிற்கும் பாகத்துக்கு முட்டுக் கொடுங்கள், இழுபட்டிருக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள், கெபாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) தேங்கியதை வடியவிடுங்கள். கடைசியாக ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஓடவில்லை என்று உறுதியான பிறகே கை உள்ளே போகலாம்.

எமர்ஜென்சி பொத்தானை அமுக்கிவிட்டு வேலை செய்வது இதற்கு மாற்று ஆகாது. பெரும்பாலான மெஷின்களில் அது கட்டுப்பாட்டுச் சுற்றை மட்டும்தான் துண்டிக்கும், யார் வேண்டுமானாலும் விடுவிக்கலாம். ஃப்யூஸைக் கழற்றி வைப்பதும் அப்படித்தான், இன்னொருவர் வேறு ஃப்யூஸை மாட்டிவிடுவார்.

அறிக்கையில் இந்தக் காரணங்களை எழுதி, எதை யார் எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்று போட்டுக் கையெழுத்திடுங்கள். காயம்பட்டவரைக் குற்றவாளியாக்கினால், நாளை நூலிழையில் தப்பியவர் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார். உங்களுக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கை அதோடு போய்விடும்.

கேள்வி: விரல் துண்டாகிவிட்டால் துண்டை ஐஸில் போட்டுக் கொண்டுபோகலாமா?

ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. பட்டால் திசு உறைந்து செத்துவிடும். முதலில் ஆளைக் கவனியுங்கள்: காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலைத் தேய்க்காதீர்கள், கிருமிநாசினி ஊற்றாதீர்கள். சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ பாத்திரத்திலோ வையுங்கள். விரல் ஒட்டும் வசதியுள்ள மருத்துவமனை எது என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள், அந்த எண்ணை இன்றே பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். போகும்வரை அவருக்குச் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். விபத்து நடந்த நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.